வெந்நீருக்கு ஒரு பைப்

கட்டிலைப் பார்ப்போம், கதவைப் பார்ப்போம், தரை டைல்ஸைப் பார்ப்போம். வீட்டில் நாம் பார்க்காமலே காலம் தள்ளுகிற ஒரு பொருள் உண்டென்றால் அது பைப்தான். பாதி சுவருக்குள் இருக்கும், மீதி வீட்டின் பின்புறம் இருக்கும். தண்ணீர் வரும்வரை அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வராவிட்டால் பேசுவோம். வரக்கூடாத இடத்தில் வந்தால் ஊரையே கூட்டுவோம்.

என் வயதுக்காரர்களுக்கு ஜி.ஐ. பைப் காலம் நன்றாக நினைவிருக்கும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். இருபதடி நீளத்தில் வரும். லேசானதற்கு மஞ்சள் பட்டை, நடுத்தரத்துக்கு நீலம், கனமானதற்குச் சிவப்பு. சேலத்தில் எங்கள் அப்பா 1974ல் வீடு கட்டியபோது நீலப் பட்டைதான் வேண்டும் என்று கடையில் நின்று வாங்கி வந்தார். பைப் ஃபிட்டர் வாசலில் ஒரு வைஸைப் பதித்து, அதில் பைப்பைக் கடித்து நிறுத்தி, டையைப் போட்டுச் சுற்றிச் சுற்றி மரை வெட்டுவார். எண்ணெய் சொட்டும், இரும்புச் சுருள் சுருளாக விழும். மரையில் சணலைச் சுற்றி, பெயின்ட் தடவி, ரெஞ்சால் இறுக்குவார். ஒரு குளியலறைக்குக் குழாய் போட இரண்டு ஆள், மூன்று நாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிடும்.

அந்தப் பைப் இருபது வருடம் போல உழைத்தது. அதன்பிறகு காலையில் முதல் தண்ணீர் காவி நிறத்தில் வரத் தொடங்கியது. எங்கள் ஊர் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. மேக்னசைட் வெட்டியெடுக்கிற ஊரில் தண்ணீர் வேறெப்படி இருக்கும்? 1996ல் ஒரு துண்டை அறுத்து எடுத்துப் பார்த்தோம். அரை அங்குலப் பைப்புக்குள் துருவும் உப்பும் சேர்ந்து, ஒரு பென்சில் நுழையும் அளவுதான் துவாரம் மிச்சம். அப்பா அதைக் கையில் வைத்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம டாக்டர் சொல்ற ரத்தக்குழாய் மாதிரியே இருக்குடா" என்றார். அவருக்கு அப்போதுதான் இதயத்துக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் எங்கள் வீட்டுக்குப் பிளாஸ்டிக் பைப் வந்தது. வெள்ளை நிறம், துருப் பிடிக்காது, உள்ளே வழவழப்பு என்பதால் உப்பும் சுலபமாகப் படியாது. மூன்று நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது. மரை இல்லை, சணல் இல்லை. சொலூஷனைத் தடவிச் செருகினால் ஆயிற்று. தோளில் நான்கு பைப்பைப் போட்டுக்கொண்டு ஒரே ஆள் மாடி ஏறிப் போனதைப் பார்த்து அப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "இது நிக்குமா?" என்று நாலு தடவை கேட்டார். நின்றது. இன்றும் நிற்கிறது. இந்தப் பி.வி.சி.யைச் செய்யும் மூலப்பொருள் 1960களிலிருந்தே நம் மேட்டூரில் தயாராகிறது. காவிரித் தண்ணீரும் மேட்டூரிலிருந்து, அது வந்து சேரும் பைப்பின் மாவும் மேட்டூரிலிருந்து என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் பச்சைத் தண்ணீர்க் கதை. வெந்நீர்க் கதை வேறு.

நம் வீடுகளில் வெந்நீர் எந்தக் காலத்திலும் குழாயில் ஓடியதில்லை. பின்கட்டில் அடுப்பு, அதன்மேல் செப்பு அண்டா. கொஞ்சம் வசதியானவர்கள் வீட்டில் நடுவில் கரி போடும் செம்புப் பாய்லர். அதிலிருந்து சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்து, "விளாவி வெச்சிருக்கேன், போய்க் குளி" என்று அம்மா சொல்வாள். சூடு எவ்வளவு என்பதை அம்மாவின் கை சொல்லும். கொதிக்கிற தண்ணீரைத் தாங்கியது செம்பு. குழாய்க்கு அதில் வேலையே இல்லை.

பிறகு கீசர் வந்தது, சோலார் வந்தது. வெந்நீர் முதல்முறையாகப் பைப்புக்குள் நுழைந்தது. ஆனால் ஊரில் பைப் வேலை செய்தவர்கள் கையில் இருந்தது பச்சைத் தண்ணீர் அனுபவம் மட்டுமே. இந்த இடைவெளியில்தான் என் அக்காவின் கதை நடந்தது.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அத்தான் போனபிறகு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, தன் வீட்டில் தனியாக இருக்கிறாள். மகன் புனேயில் வேலை. 2016 பொங்கலுக்கு வந்தவன், அம்மா விறகடுப்பில் வெந்நீர் போடுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், மொட்டை மாடியில் நூறு லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். கண்ணாடிக் குழல்கள் வரிசையாக வைத்த வகை. ஹீட்டரைக் கொண்டுவந்தவர்கள் தொட்டியையும் குழல்களையும் பொருத்திவிட்டு, "பைப் வேலை உங்க பிளம்பரை வெச்சுப் பாத்துக்கங்க" என்று சொல்லிப் போய்விட்டார்கள். அக்கா வீட்டுக்கு வழக்கமாக வரும் பிளம்பர் தம்பி, கடையில் கொடுத்த வெள்ளைப் பைப்பை வாங்கி, மாடியிலிருந்து வெளிச்சுவர் வழியாகக் குளியலறைக்கு இறக்கினார். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது.

தை, மாசி இரண்டு மாதமும் ஒரு தொந்தரவும் இல்லை. வெயில் மிதம், அக்கா தினமும் வெந்நீரைச் செலவழித்தாள். ஏப்ரலில் எங்கள் வீட்டு விசேஷத்துக்காக நான்கு நாள் எங்களோடு வந்து தங்கினாள். அந்த நான்கு நாளும் சேலத்து வெயில் தன் வேலையைச் செய்தது. மாடித் தொட்டியில் இருந்த நூறு லிட்டரும் எடுப்பார் இல்லாமல் காய்ந்துகொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் மாலை வீட்டுக்குப் போனவள், கைகால் கழுவ வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். திறந்துவிட்டு, வெளியே வைத்திருந்த வாளியை எடுக்கத் திரும்பினாள். அவ்வளவுதான். குழாய்க்கு மேல் தலை உயரத்தில் இருந்த எல்போ பைப்பிலிருந்து நழுவிக் கழன்றது. கொதிக்கிற தண்ணீர் அவள் நின்றிருந்த இடத்தில் கொட்டியது. வலது பாதத்தில் தெறித்து மூன்று கொப்புளம். வாளி உள்ளேயே இருந்திருந்தால் அவள் குனிந்த முதுகில் விழுந்திருக்கும். எழுபத்தோரு வயது, சர்க்கரை வேறு. நான் இதற்குமேல் சொல்லவில்லை.

மாடி வால்வை மூடிவிட்டு வெளிச்சுவரைப் பார்த்தேன். ஒரு கிளாம்புக்கும் அடுத்த கிளாம்புக்கும் நடுவில் பைப், ஈரத்துணி காயப்போட்ட கொடி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பிளம்பர் தம்பி வந்தார். நான் கோபமாகத்தான் இருந்தேன். "என்னப்பா இப்படிப் பண்ணிட்டே?" என்றேன். அவர் தொங்கிய பைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், தண்ணிப் பைப்பு தானுங்களே. இதே பைப்பத்தான் இருபது வீட்டுக்குப் போட்டிருக்கேன். ஒண்ணும் ஆகலீங்க" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. உள்ளே போய் அக்காவின் காலைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

அக்கா என்னைப் பார்த்து, "அந்தப் புள்ளயத் திட்டாதேடா. யார் அவனுக்குச் சொல்லிக் குடுத்தா? போட்டவன் போட்டான், வித்தவன் வித்தான், சூடு பண்ணினவன் சூரியன். யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவே?" என்றாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. அதனால் சண்டையை விட்டுவிட்டு, விஷயத்தைத் தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? தெரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

சாதாரணப் பி.வி.சி. பைப் சூட்டில் இளகும் பொருள். நம் நாட்டில் குடிநீர்ப் பி.வி.சி. பைப்புக்கான தரம் ஐ.எஸ். 4985. அது 45 டிகிரி வரையுள்ள தண்ணீருக்கு மட்டும்தான். அறைச் சூட்டில் அது தாங்குகிற அழுத்தத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், 49 டிகிரியில் நாற்பதாகக் குறையும், 60 டிகிரியில் இருபத்திரண்டு. 80 டிகிரியை நெருங்கினால் அது பைப்பாக இருப்பதையே மறந்து இழுத்த இழுப்புக்கு வரும். நான்கு நாள் செலவழிக்காத சோலார் தொட்டி கோடையில் அந்தச் சூட்டை எளிதாகத் தொடும். அக்கா வீட்டில் தண்ணீரின் அழுத்தம் அரை கிலோகூட இருக்காது. அழுத்தம் அங்கே காரணமே இல்லை. பைப் தன் எடையையே தாங்க முடியாமல் தொங்கியது, தொங்கிய இழுப்பில் இளகிய ஜாயின்ட் நழுவியது.

வெந்நீருக்கு என்று தனியாக இருப்பது சி.பி.வி.சி. அதே பி.வி.சி.யில் இன்னும் கொஞ்சம் குளோரின் ஏற்றியது. பி.வி.சி.யின் எடையில் 57 சதவீதம் குளோரின் என்றால் இதில் 63 முதல் 67 வரை. கேட்க ஏதோ சின்ன மாற்றம் போலத் தெரியும். அந்தச் சின்ன மாற்றம்தான் இளகும் சூட்டைப் பல டிகிரி மேலே தள்ளிவிடுகிறது. வீடுகளுக்குப் போடும் கனமான ரகம், அறைச் சூட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 28 கிலோ அழுத்தம் தாங்கும், 82 டிகிரியில் 7 கிலோ தாங்கும். பத்து மீட்டர் உயரத்துத் தொட்டி கொடுக்கும் அழுத்தமே ஒரு கிலோதான் என்பதால் நமக்கு இது தாராளம். இதற்கான தரம் ஐ.எஸ். 15778. பெரும்பாலும் சந்தன நிறத்தில் இருக்கும். பக்கத்தில் வைத்தால் வெள்ளைப் பைப்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். தனியாகப் பார்த்தால், பழைய வெள்ளைப் பைப் வெயிலில் மங்கியது போலவே இருக்கும். அதனால் நிறத்தை நம்பாமல் பைப்பின் மேல் அச்சடித்த எழுத்தைப் படிப்பதுதான் உத்தமம்.

பிளம்பர் தம்பியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒரு பழைய நோட்டில் எண்களைக் குறித்துக்கொண்டார். "ஐ.டி.ஐ.யெல்லாம் நான் போகலீங்க சார். எங்க மாமாகிட்ட ஜி.ஐ. வேலை கத்துக்கிட்டேன். அப்புறம் பி.வி.சி. வந்துச்சு, கடைக்காரர் எப்படி ஒட்டறதுன்னு காட்டினார். அவ்வளவுதானுங்க என் படிப்பு" என்றார். நம் ஊரில் முக்கால்வாசிக் கைவேலை இப்படித்தான் நடக்கிறது. பொருள் மாறிவிடுகிறது. பொருளோடு வர வேண்டிய படிப்பு மட்டும் வந்து சேர்வதில்லை.

இருவரும் சேர்ந்து புதிதாக லைன் போட்டோம். தொட்டியிலிருந்து முதல் மூன்றடி ஜி.ஐ. போட்டோம். தண்ணீர் கொதிநிலைக்கே போனாலும் அந்த இடம் தாங்க வேண்டும் என்பதற்காக. அதன்பிறகு சி.பி.வி.சி., இரும்போடு சேருமிடத்தில் பித்தளை மரை வைத்த ஃபிட்டிங். சி.பி.வி.சி.க்கு அதற்குரிய சொலூஷனைத்தான் தடவ வேண்டும், பி.வி.சி. டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று அதைத் தடவக்கூடாது. செருகும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒட்டிவிட்டு ஒரு முழு நாள் காத்திருந்தோம், அதற்குப் பிறகே வெந்நீர் விட்டோம்.

இன்னொரு விஷயம். பிளாஸ்டிக் சூட்டில் நீளும். பத்து மீட்டர் சி.பி.வி.சி. பைப், நாற்பது டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் நீளும். இரும்பு அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நீளும். அதனால் கிளாம்பைக் கழுத்தை நெரிப்பது போல இறுக்காமல், பைப் நகர இடம் விட வேண்டும். நெருக்கமாகக் கிளாம்பு வேண்டும், ஆனால் தளர்வாக வேண்டும். இதைச் சொன்னபோது தம்பி சிரித்துவிட்டார். "குடும்பம் மாதிரிங்க சார்" என்றார்.

எல்லாம் முடிந்து, மேலே கறுப்பு நுரை உறை மாட்டினோம். வெயிலும் படாது, சூடும் போகாது. தம்பி கூலி வாங்க மறுத்தார். அக்கா விடவில்லை. "பைப்புக்குக் காசு குடுத்தேன், உன் கைக்குக் குடுக்க மாட்டேனா?" என்று பாதிக் கூலியைச் சட்டைப் பையில் திணித்தாள்.

மகனிடம் சொல்லக்கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "ஆசையா வாங்கிக் குடுத்தான். அதுல அம்மாவுக்கு வெந்து போச்சுன்னு கேட்டா அவன் தூங்குவானா?" எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புனேயில் அவன் வீட்டிலும் கீசர் இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள். "அக்கா, உன் காலைப் பத்திச் சொல்லாதே. பைப்பப் பத்தியாவது சொல்லு" என்றேன். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு போனில், "தம்பி, உங்க குளியலறை வெந்நீர்ப் பைப்புல என்ன எழுதியிருக்குன்னு பாருடா" என்று மட்டும் கேட்டாள். அவன் பார்த்துச் சொன்னான். சரியான பைப்தான். எதற்குக் கேட்கிறாய் என்று அவன் கேட்டதற்கு, "சும்மாதான். உங்க மாமா ஏதோ படிச்சிட்டு வந்து உயிரை வாங்கறான்" என்று என் தலையில் போட்டுவிட்டாள். போகட்டும்.

இதைப் படித்துவிட்டுப் பிளாஸ்டிக்கே வேண்டாம் என்றோ, சி.பி.வி.சி. போட்டால் கவலையே இல்லை என்றோ யாரும் முடிவுகட்ட வேண்டாம். எந்தப் பொருளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியிலிருந்து லட்சக்கணக்கான வீடுகளில் பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக் பைப்பைப் போட்டார்கள். மலிவு, சுலபம், குளிரில் வெடிக்காது என்றார்கள். தண்ணீரில் கலக்கும் குளோரின் பட்டுப்பட்டு பைப்பும் இணைப்புகளும் உள்ளிருந்தே நொறுங்கத் தொடங்கின. வழக்குப் போட்டு 1995ல் 95 கோடி டாலர் அளவுக்கு இழப்பீட்டுச் சமரசம் ஆனது. நம் நாட்டில், பி.வி.சி. பைப்பில் சேர்க்கும் ஈயக் கலவையை விலக்குவதற்கு மத்திய அரசு 2021ல்தான் விதி கொண்டுவந்தது. அதற்கு முன் போட்ட பைப் உள்ளவர்கள், இரவெல்லாம் பைப்பில் தங்கிய காலைத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் செடிக்கு விட்டுவிட்டுப் பிறகு குடிக்கப் பிடிப்பது நல்லது.

நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் பழைய வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் வெளியூரில் இருந்துகொண்டு அன்பாகப் புதுப்புது சாதனம் அனுப்புகிறார்கள். சாதனம் புதிது, சுவருக்குள் இருக்கும் பைப் பழையது. அதனால் சில வார்த்தைகள். கீசரோ சோலாரோ வைக்கும்போது "எந்தப் பைப்?" என்று முதலில் கேளுங்கள். கீசரிலிருந்து நேராகப் பிளாஸ்டிக்கை இழுக்காமல், நடுவில் உலோகக் குழலைப் போடச் சொல்லுங்கள். சோலாருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பச்சைத் தண்ணீர்ப் பைப்பின் கடைசிப் பகுதியும் சூடாகும், அங்கேயும் வெந்நீர்ப் பைப்பே வேண்டும். சோலார் தொட்டியின் காற்றுக்குழாயை யாரும் அடைத்துவிடாமல் பாருங்கள். கோடையில் ஊருக்குப் போய் வந்தால், முதலில் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, எட்ட நின்று, ஒரு வாளி தண்ணீரை விட்டுவிடுங்கள். வெளிச்சுவரில் பைப் எங்காவது வளைந்து தொங்கினால் அதை அழகு என்று விட்டுவிடாதீர்கள்.

பிளம்பர் தம்பி அந்த இருபது வீட்டுக் கணக்கை மறக்கவில்லை. அதில் வெந்நீர் ஓடுகிற ஏழு வீடுகளுக்கு அவராகவே போய், பைப் விலை மட்டும் வாங்கிக்கொண்டு, கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். எல்லாம் முடிய ஒரு வருடம் ஆனது. இரண்டு வீட்டில், "நல்லா இருக்கிறதை எதுக்குப்பா உடைக்கிறே?" என்று விரட்டினார்களாம். அவர் அடுத்த மாதம் திரும்பவும் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்.